தரையில் ஒட்டிய ஊர்

எங்கள் ஊரை நாங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டென்மார்க்கின் இக்காஸ்ட் நகரில் ஒரு விளையாட்டு மண்டபத்தின் தரையில் ஒட்டினோம். ஒட்டினோம் என்றால் உண்மையாகவே ஒட்டினோம். சுவருக்குப் பெயின்ற் அடிக்கிறவர்கள் ஓரங்களில் ஒட்டுவார்களே, நீல நிற ரேப், ஒட்டுநாடா, அதால். ஹேண்ட்போல் கோடு, பட்மின்ரன் கோடு, இன்னும் என்னென்னவோ கோடுகளுக்கு மேலே எங்களுடைய ஒழுங்கைச் சந்துகளும் வேலிகளும் ஓடின. விசர் வேலை என்று நான் வீட்டிலேயே சொன்னேன். அம்மா காதில் வாங்கவில்லை. விடியவே குளித்து, நல்ல சேலை உடுத்து, அதற்கு மேலே குளிர்ச் சட்டையும் போட்டுக்கொண்டு கதவடியில் வந்து நின்றார்.

ஏன் ஒட்டினோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஆறு வயதாக இருந்தபோது ஆமி எங்கள் ஊரைப் பிடித்தது. யாழ்ப்பாணத்துக்கு வடக்கே, கடலுக்குக் கிட்டவாக இருக்கிற செம்மண் ஊர். இருந்த சனம் முழுக்க உடுத்த உடுப்போடு வெளியேறியது. அதற்குப் பிறகு எத்தனையோ வருடம் ஊருக்குள் ஒரு குருவிகூடப் போக முடியவில்லை. வீடுகளை இடித்தார்கள். கிணறுகளை மூடினார்கள். வேலி, பனை, பூவரசு எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்துவிட்டு, முழு ஊரையும் ஒரே நிலமாக ட்ராக்ரரால் உழுது ஆமியே தோட்டம் செய்தது. கத்தரி, பூசணி, வெங்காயம். அதைச் சந்தையில் மலிவாக விற்றார்கள் என்று அங்கேயே இருக்கிற என் அக்கா சொல்லியிருக்கிறார். "வாங்கினனியோ?" என்று அம்மா ஒரு தரம் கேட்டார். அக்கா கதையை மாற்றிவிட்டார்.

இப்போதுதான் அந்த நிலத்தை விட்டிருக்கிறார்கள். விட்ட அன்று அக்கா அங்கே போய் நின்று எங்களுக்கு வீடியோ கோல் எடுத்தார். சிவப்பாக, தட்டையாக, கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் மண். ஒரு மரம் இல்லை, ஒரு கல் இல்லை. "எங்கையடி நிக்கிறாய்?" என்று அம்மா கேட்டார். "தெரியேல்லையம்மா," என்றார் அக்கா. "ஊருக்குள்ளதான் நிக்கிறன். எங்கை எண்டுதான் தெரியேல்லை." போனைச் சுற்றிச் சுற்றிக் காட்டினார். எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே படம்தான். அம்மா போனைக் கையில் வாங்கி, திரைக்குள் தலையை விடப்போகிறவர் மாதிரிக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

எங்கள் காணி என்று அங்கே ஒன்றும் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். ஊரில் பாதிக்கு மேல் ஒரே ஆளுடைய காணி. அவரை எங்கள் ஆட்கள் கமக்காரர் என்பார்கள். எங்கள் ஆட்கள் அவருடைய புகையிலைத் தோட்டத்தில் பரம்பரையாக வேலை செய்தவர்கள், அவருடைய வீட்டுக்குப் பின்னால் அவருடைய நிலத்திலேயே குடிசை போட்டு இருந்தவர்கள். நான் பிறப்பதற்கு முன்பு எங்கள் ஆட்கள் ஒன்றுசேர்ந்து, குடியிருக்கிற துண்டையாவது எங்களுக்கு உறுதிப் பத்திரம் எழுதித் தாருங்கள் என்று கேட்டு, ஒரு போகம் புகையிலை நட மாட்டோம் என்று நின்றிருக்கிறார்கள். அவர் கிணற்றில் தண்ணீர் அள்ளவிடாமல் மறித்திருக்கிறார். இழுபறிப்பட்டுக் கடைசியில் "எழுதித் தாறன்" என்று சொல்லியும் இருக்கிறார். அந்த எழுத்து எழுதப்படவே இல்லை. அதற்குள் ஆமி வந்து இரண்டு பக்கத்து வழக்கையும் ஒரே உழவில் முடித்துவிட்டது. இப்போது உறுதி இருக்கிறவருக்குக் காணி. இல்லாதவர் முகாமிலேயே கிடக்க வேண்டியதுதான். அக்கா இன்னும் அப்படித்தான் கிடக்கிறார்.

ஆனால் அம்மாவுக்கு வேண்டியது காணிகூட இல்லை. அந்தக் குடிசைக்குப் பின்னால் என் அண்ணன் கிடக்கிறான். ஊரைவிட்டு ஓடுகிற அன்று ஷெல் பட்டுப் போனவன். பதினாறு வயது. அப்பா அதற்கு முன்பே டென்மார்க் வந்துவிட்டார். சுடலைக்குக் கொண்டுபோக வழியில்லை, தூக்க ஆளும் இல்லை. அம்மாவும் அக்காவும் அங்கேயே தாட்டார்கள். எனக்கு நினைவிருப்பது கொஞ்சம்தான். ஒழுங்கைப் பக்கம் பார்த்துக்கொண்டு நில், திரும்பக் கூடாது என்றார்கள். நான் திரும்பவில்லை. முதுகுக்குப் பின்னால் மண் விழுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அப்பா எங்களை டென்மார்க்குக்கு எடுத்தார். அக்காவுக்கு வயது கூடிவிட்டது என்று விசா கிடைக்கவில்லை. அப்பா இங்கேயே போய்ச்சேர்ந்தார்.

இப்போது கமக்காரரின் மகன் முழுக் காணியையும் சூரிய மின்சாரக் கொம்பனி ஒன்றுக்குக் கொடுக்கப்போகிறாராம். வரிசை வரிசையாக இரும்புக் கால் அடித்து அதற்கு மேலே தகடு பூட்டுவார்கள். இதைக் கேட்ட அன்றிலிருந்து அம்மாவுக்கு நித்திரை இல்லை. "அவனுக்கு மேலை கம்பி அடிக்க விடமாட்டன்," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தத் துண்டு எங்களுடையது என்று ஊரே ஒப்புக்கொண்டால்தான் அதைத் தடுக்க முடியும். நிலம் அளக்கிற அதிகாரியும் அதைத்தான் சொல்லியிருந்தார். எல்லைகள் ஒன்றும் மிஞ்சவில்லை, ஊர்க்காரர் எல்லாரும் சேர்ந்து ஒத்துக்கொண்டு ஒரு வரைபடம் தந்தால் அதன்படி கல் போடலாம் என்று. ஊர்க்காரரில் பாதிப் பேர் டென்மார்க்கில் அல்லவா இருக்கிறோம்!

எங்கள் ஊர்ச் சங்கத்தின் செயலாளர் காற்றாலைக் கொம்பனியில் படம் கீறுகிறவர். நல்ல மனுசன், ஆனால் எதையும் அளவுகோலோடுதான் பார்ப்பார், பெண்சாதியின் சமையலையும் சேர்த்து. கடதாசியில் கீறச் சொன்னால் ஆளுக்கொரு ஊர் கீறுவார்கள், நடந்து பார்த்தால் கால் மறக்காது என்று அவர்தான் இந்த மண்டபத்தை எடுத்தார். எஸ்பியர்க்கிலிருந்தும் சில்க்போர்க்கிலிருந்தும் ஆட்கள் காரில் வந்து இறங்கினார்கள். வெளிச்செருப்போடு உள்ளே போகக்கூடாது என்பது இங்கே எல்லா மண்டபத்திலும் சட்டம். எல்லாரும் காலுறையோடு நின்றோம். அம்மா மட்டும், சலரோகம், நீரிழிவுக் கால் என்றபடியால், வீட்டுச் செருப்பைக் கொண்டுவந்து போட்டிருந்தார்.

முதலில் ஒரே பகிடிதான். கோயிலை ஒட்டினார்கள், பெரிய தெருவை ஒட்டினார்கள், பள்ளிக்கூடத்தை ஹேண்ட்போல் கோல் போஸ்ற்றுக்குள் வைத்தார்கள். "உங்கட வேலி என்ர பக்கம் வந்திட்டுது, அண்ணை," என்று ஒருவர் தொடங்க, "உன்ர பக்கமோ? உன்ர கொப்பர் காலத்திலேயே அது என்ர பக்கம்," என்று மற்றவர் எகிற, இரண்டு பேரும் முழங்காலில் இருந்து ரேப்பை உரிப்பதும் ஒட்டுவதுமாக நின்றார்கள். டென்மார்க்கில் இத்தனை வருடமாக ஒருவர் வீட்டு விசேஷத்தில் மற்றவர் பந்தி பரிமாறியவர்கள். நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

அந்த மண்டபத்தில் ஆள் அசைந்தால்தான் லைற் எரியும். ஒரு பகுதியில் கொஞ்ச நேரம் யாரும் அசையாவிட்டால் அந்தப் பகுதி தானாக அணைந்துவிடும். அது எனக்கு முதலில் பிடிபடவில்லை. வெளியே மழை இருட்டு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மண்டபத்தின் ஒரு மூலை இருண்டது. பிறகு இன்னொரு மூலை. சிரிப்புச் சத்தம் எப்போது நின்றதென்று தெரியவில்லை. அவரவர் தங்கள் தங்கள் வீட்டுக் கட்டத்துக்குள் போய் நின்றுவிட்டார்கள். அசையவில்லை. எஸ்பியர்க்கிலிருந்து வந்த மனுசி ஒருத்தி ரேப்புக்கு வெளியே நின்று, இல்லாத படலையைத் தூக்கித் திறந்து, உள்ளே போய், திரும்பிச் சாத்தினார். தலைமை நேர்ஸாக இருக்கிறவர் அவர். ஒருவர் காற்றில் குனிந்து நுழைந்தார். அந்த வீட்டின் தாவாரம் பதிவாக இருந்திருக்க வேண்டும். யாரும் யாருடைய கோட்டையும் மிதிக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரரோடு கதைப்பதென்றாலும் ஒழுங்கையால் சுற்றிப் போனார்கள். மெல்லிய குரலில் கதைத்தார்கள்.

எனக்குப் பயம் பிடித்தது. பகல் நேரம், நாற்பது பேர் நிற்கிற இடம், அதற்குள் என்ன பயம் என்று என்னையே ஏசிக்கொண்டேன். ஆனாலும் எனக்கு அப்போது வெளியே கார் நிற்கிற இடத்துக்கு ஓட வேண்டும் போல இருந்தது.

இன்னொன்றையும் கவனித்தேன். கமக்காரரின் வீட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய வெறுந்தரை ஒட்டாமல் கிடந்தது. அங்கே ஒருவரும் நிற்கவில்லை. அதற்கு மேலேயிருந்த லைற் மட்டும் அணையவே இல்லை. செயலாளரிடம் போய்க் கேட்டேன். "அதுக்கு மேலாலை சூட்டுக் காத்துக் குழாய் போகுது, தங்கச்சி. அந்தச் சூட்டுக்கு எரியும்," என்றார். சொல்லிவிட்டு அவரும் அண்ணாந்து இன்னொரு தரம் பார்த்தார்.

கமக்காரருக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. சில்க்போர்க்கில் மகனோடு இருக்கிறார். வெள்ளைச் சேட்டு, நிமிர்ந்த முதுகு, நல்ல தெளிவான மூளை. டென்மார்க் வந்த பிறகு அம்மாவோடு 'நீங்கள்' என்றுதான் கதைப்பார். அப்பாவின் செத்தவீட்டுக்கும் வந்தார், எங்கள் வீட்டில் தேத்தண்ணீர் குடித்தார். அவரை நல்லவரில்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. அதுதான் எனக்கு இன்னும் கோபம்.

அவருடைய வீட்டுக் கட்டத்துக்குள் கதிரை போட்டு இருத்தியிருந்தார்கள். அம்மா அவரிடம் போனார். நான் பின்னால் போனேன். வாசல் என்று ஒட்டியிருந்த இடத்தில் அம்மா நின்றார். செருப்பைக் கழற்றினார். பிறகு அந்த வாசலால் போகாமல், ரேப்பின் ஓரமாகவே சுற்றிக்கொண்டு வீட்டின் பின்பக்கத்துக்குப் போய், கோட்டுக்கு வெளியே நின்றார். முதுகு வளைந்திருந்தது. இருபத்தைந்து வருடம் இங்கே தையல் தொழிற்சாலையில் வேலை செய்து, சூப்பவைசரோடு சண்டை பிடித்துச் சம்பளம் கூட்டிய மனுசி! "அம்மா, உள்ளுக்கு வாங்கோ, அது வெறும் ரேப்," என்று கையைப் பிடித்து இழுத்தேன். கை விறைத்துப் போயிருந்தது.

கமக்காரர் திரும்பிப் பார்க்கவில்லை. முன்னுக்குப் பார்த்தபடியே கேட்டார்.

"எடியே, மாட்டுக்குத் தண்ணி வைச்சனியே?"

"வைச்சனான் ஐயா," என்றார் அம்மா.

அது அம்மாவின் குரலே இல்லை. மெல்லிய, இளம் பொம்பிளையின் குரல். நான் பிறந்ததிலிருந்து கேட்டறியாத குரல். இரண்டு பேருமே தாங்கள் சொன்னதில் ஏதும் புதுமை இருப்பதாகக் காட்டிக்கொள்ளவில்லை. எனக்கு உச்சியில் விறுவிறுவென்று ஏறியது.

"அம்மா! வந்த விசயத்தைக் கேளுங்கோ," என்று நான் கையை உலுக்கிச் சத்தம் போட்டேன். எங்கள் பக்கத்து லைற்றுகள் பளிச்சென்று எரிந்தன. அம்மா முழித்துக்கொண்டவர் மாதிரிக் கண்ணைக் கசக்கினார். பிறகு கேட்டார். "ஐயா, எங்கட இடத்தையும் ஒட்டச் சொல்லுங்கோவன்."

"எந்த இடம்?" என்று கமக்காரர் பணிவாகவே கேட்டார். குரல் பழையபடி சில்க்போர்க் குரலாகிவிட்டது. "நீங்கள் வேலைக்கு வந்து போனனீங்கள். வீட்டுக்குப் பின்னாலை ஆரும் குடியிருக்கேல்லை. அது வெறும் பத்தைக் காடு."

சுற்றி நின்றவர்களைப் பார்த்தேன். எல்லாரும் அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்கள். ஒருவராவது வாய் திறக்க வேண்டுமே! ரேப்பைப் பார்த்தார்கள், காலுறையைப் பார்த்தார்கள். ஒருவர் தேத்தண்ணீர்ப் போத்தலைத் திறந்து திறந்து மூடினார். வெட்கம் கெட்ட கூட்டம் என்று மனதுக்குள் திட்டினேன். வெளியே சொல்ல முடியாதபடி அம்மா என் கையை நசித்துப் பிடித்திருந்தார்.

செயலாளர்தான் இடைக்குள் வந்தார். எந்தப் பிரச்சினைக்கும் அவருக்குத் தெரிந்த ஒரே மருந்து அளவுதான். கமக்காரரின் வீட்டிலிருந்து பின் பக்கத்தால் கோயிலுக்குப் போகிற பாதை இன்னும் ஒட்டவில்லை, அதை ஒட்டிவிட்டால் மற்றதைப் பிறகு கதைக்கலாம் என்றார். "ஐயா, நீங்கள் எல்லா வெள்ளியும் நடந்த பாதைதானே. ஒருக்கா நடந்து காட்டுங்கோ. நான் பின்னாலை ஒட்டிக்கொண்டு வாறன்."

கமக்காரர் எழுந்தார். தோளில் இல்லாத சால்வையை ஒரு தரம் இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தார். கண் அரைவாசி மூடியிருந்தது. பின்னால் செயலாளர் குந்தியபடி ரேப்பை இழுத்து இழுத்து ஒட்டிக்கொண்டு போனார். ரேப் உரிகிற சத்தம் மட்டும் மண்டபம் முழுக்கக் கேட்டது. கோயில் நேரே தெரிந்தது. இடையில் அந்த வெறுந்தரை, மேலே அந்த அணையாத லைற். கமக்காரர் அதை நோக்கி நேராகப் போனார். வெளிச்சத்தின் ஓரத்துக்கு வந்ததும் இடப்பக்கம் திரும்பினார். வேட்டியைத் தூக்கிப் பிடிக்கிறவர் போலக் கையை வைத்துக்கொண்டு, அந்தத் தரையைப் பெரிய வளைவாகச் சுற்றிப் போனார். ஓரிடத்தில் மூக்கைச் சுளித்தார். மற்றப் பக்கம் வந்து, பழையபடி நேர்கோட்டில் ஏறி, கோயில் வாசலில் போய் நின்று கும்பிட்டார்.

செயலாளர் எழுந்து முதுகை நிமிர்த்தித் தான் ஒட்டியதைப் பார்த்தார். நாங்கள் எல்லாரும் பார்த்தோம். நீலக் கோடு நேரே வந்து, ஒன்றுமில்லாத இடத்தைச் சுற்றி வளைந்து, திரும்ப நேரே போனது.

"ஐயா," என்றார் செயலாளர். அவர் கமக்காரருக்குச் சொந்தக்காரர்தான். "வெறும் பத்தை எண்டால் இதிலை ஏன் வளைஞ்சனீங்கள்?"

"அதாலை ஆர் போவான்?" என்று கமக்காரர் சட்டென்று சொன்னார். "அந்தச் சனத்தின்ர முற்றத்துக்குள்ளாலை கோயிலுக்குப் போறதோ?"

சொன்ன பிறகுதான் அவருக்கு அது கேட்டது. வாயைத் திறந்தபடி திரும்பி அந்த வளைவைப் பார்த்தார். சரியாக எங்கள் குடிசைகள் எல்லாம் அடங்குகிற அளவு. எங்கள் தீட்டுக்குப் பயந்து அவர் சுற்றி நடந்த நடைதான் எங்களுக்கு எல்லை போட்டிருந்தது. சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

கமக்காரர் கையால் தரையைக் காட்டி, "ஓம். அதிலை ஆக்கள் இருந்தவைதான். அப்பிடியே கீறு," என்றார். செயலாளர் வளைவின் மற்றப் பக்கத்தையும் ஒட்டி மூடினார். "வாங்கோ அக்கா, உங்கட வீட்டைக் காட்டுங்கோ," என்று அம்மாவைக் கூப்பிட்டார்.

அம்மா வெறுங்காலோடு உள்ளே போனார். அந்த வெளிச்சத்துக்குள் அவர் கையை நீட்டி நீட்டிக் காட்டினார். இதிலை குசினி. இதிலை முருங்கை. இதிலை ஆட்டுக் கொட்டில். செயலாளர் ஒவ்வொன்றாக ஒட்டினார். பிறகு அம்மா நின்றார். "இதிலை என்ர மூத்தவன்," என்றார்.

செயலாளரின் கை அப்படியே நின்றது. கமக்காரர் கோட்டின் ஓரத்துக்கு வந்திருந்தார். "என்ர காணிக்குள்ளையோ? ஆரைக் கேட்டுத் தாட்டனீ?"

நான் பாயப்போனேன். இவ்வளவுக்குப் பிறகும் காணிக் கதை! ஆனால் அம்மா தலையை நிமிர்த்தி அவரை நேரே பார்த்தார். அப்படிப் பார்த்ததை நான் ஒருநாளும் கண்டதில்லை.

"உங்களைத்தான் கேட்டனான். உங்கட பின் வேலியடியில வந்து நிண்டு கேட்டனான். நீங்கள் சாமானெல்லாம் வண்டியில ஏத்திக்கொண்டு நிண்டனீங்கள். மண்வெட்டி எடுத்துத் தந்தது நீங்கள்தான் ஐயா."

கமக்காரர் இல்லை என்று சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் அம்மா நிற்கிற இடத்தைக் குனிந்து பார்த்தார்.

"ஓம்," என்றார். "ஓம், தந்தனான். ஆழமா வெட்டு எண்டு சொன்னனானெல்லே?" தோட்டக்காரனுடைய குரல் அது, வேலையைப் பற்றிக் கேட்கிற குரல். "வெட்டினனியோ?"

"இல்லை ஐயா," என்றார் அம்மா. "ஷெல் விழுந்துகொண்டிருந்தது. நானும் என்ர மூத்த பெட்டையும்தான். முழங்காலளவு வெட்டினனாங்கள், அதுக்கு மேலை ஏலாமல் போச்சுது."

அந்த மண்டபத்தில் நின்றவர்கள் எல்லாரும் தோட்டம் செய்த குடும்பங்கள். ஆமி உழுத ட்ராக்ரர்க் கலப்பை எவ்வளவு ஆழம் போயிருக்கும் என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அம்மாவுக்கும்தான்.